சாவி என் சட்டைப்பையில் இருந்தது

காரில் சார்ஜ் போடும் துளை வேலை செய்யவில்லை என்று நான் சொன்னது பொய். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மண்சரிவுக்குப் பிறகு மூன்றாம் நாள் அது. இலங்கை மலையகத்தில் கந்தப்பளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இரண்டின் ஆட்கள் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். கம்பங்கள் சாய்ந்து கிடந்ததால் எங்கும் மின்சாரம் இல்லை. யாருக்கு என்ன தேவை என்று விவரம் சேகரிப்பதற்காக, நண்பர் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போனவன் என்பதால், அங்கே பலருக்கும் என்னைத் தெரியும்.

காரை விட்டு இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போடுவதற்குள் ஓர் அம்மா ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அணைந்துபோன போனைச் சேலைத் தலைப்பில் பொதிந்து வைத்திருந்தார்.

"சேர், கார்ல சார்ஜ் போடலாமில்ல? மக குவைத்துல இருக்கா. நம்ம மலை சரிஞ்சத போன்ல பாத்திருப்பா. நா இருக்கேனா செத்தேனான்னு அவளுக்குத் தெரியாது சேர்."

அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் போன். நான் விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். பெட்டரி பழையது, காலையில் காரைத் தள்ளித்தான் கிளப்பியிருந்தோம். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்; யாரை மறுப்பது? என் டெப்லட்டுக்கும் சார்ஜ் தேவை; விவரங்கள் போய்ச் சேர்ந்தால்தானே இவர்களுக்கு நிவாரணம் வரும்? எவருக்கும் இல்லை என்பதே நியாயமாகத் தோன்றியது. பெட்டரி பலவீனமானது என்ற உண்மையையே சொல்லியிருக்கலாம். சொன்னால் கெஞ்சுவார்கள். கெஞ்சுவதைக் கேட்க நான் விரும்பவில்லை.

"அது வேல செய்யலம்மா. சாவியப் போட்டும் பாத்துட்டேன். காலையிலேருந்தே அப்படித்தான்," என்றேன்.

அவர் நகரவில்லை. திரும்பிப் பாடசாலைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்: "அண்ணே! சேர் கார்ல கரண்ட் வரலயாம். கொஞ்சம் வந்து பாருங்கண்ணே!"

இதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

வந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார்கள் பழுது பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும், சாமான்களை எடுத்து வரச் சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து, முழங்கால்வரை சேற்றோடு, ஒரு குறடும் டெஸ்டரும் கொண்டுவந்தார். "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு அந்த அரை மணி நேரம் இருந்தது.

மழை மறுபடி தூறியது. கார்க் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துப் படுத்தார். அவருடைய கால்கள் வெளியே நனைந்தன.

"மாமா, கொழுந்து அரைக்கிற மெசின்னு நெனச்சு சேர் கார அரைச்சிராதீங்க!" என்றாள் குடை பிடித்திருந்த ஒரு பெண்.

"நீ ஒன் வாய மூடிக்கிட்டுக் கொடைய நேராப் புடி. தண்ணியெல்லாம் என் வயித்துலதான் ஊத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் துளையைத் துணியால் துடைத்தார். காரில் கிடந்த சார்ஜரைச் செருகி அசைத்துப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளேயிருந்த கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்தினார். "பியூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப எங்கதான் போச்சு?" என்று தனக்குள் பேசிக்கொண்டார். இந்தக் காரில் சாவியைத் திருப்பினால்தான் அந்தத் துளைக்குக் கரண்ட் வரும்; தொழில் தெரிந்த எவரும் முதலில் சாவியைப் போட்டுத்தான் பார்ப்பார்கள். அவர் அப்படிச் செய்யாததற்குக் காரணம் என் வார்த்தை. நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதால், அது பார்த்து முடிந்த விஷயம் என்றே எடுத்துக்கொண்டார்.

கடைசியில் எழுந்து உட்கார்ந்து, தயங்கிக் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க சேர். நானும் ஒருக்கா சாவியப் போட்டுப் பாக்கட்டுமா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுத் திருப்பினார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் விளக்கையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு வெளியே எட்டி, "பியூஸ் லூசா இருந்திருக்கு! கழட்டிப் போட்டதும் சரியாயிருச்சு!" என்று உரக்கச் சொன்னார். ஆரவாரம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கிடையே என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "எஞ்சின ஓட விட்டா பெட்டரி எறங்காது சேர்," என்றார்.

நான் அஞ்சிய நெரிசல் வரவில்லை. போனைச் சார்ஜில் போட்டதுமே அந்த அம்மா மற்றவர்களிடம், "எதுக்குத் தனித்தனியா? இந்த ஒரு போன்லயே சிம்ம மாத்தி மாத்திப் போட்டுப் பேசிக்கிருவோம்," என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யாரை மறுப்பது என்ற என் கேள்விக்கு அவர்களுக்கு அவ்வளவு நேரமே தேவைப்பட்டது.

கால் மணி நேரத்தில் போன் உயிர் பெற்றது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மைதான மூலைக்கு ஓடினார். "ஆமாண்டி, நாந்தான்... அழுவாதடி, நாந்தான் பேசுறேன், ஒங்கம்மாதான்..." பேசிக்கொண்டே என்னிடம் வந்து போனை நீட்டினார். "சேருக்கு ஒரு வார்த்த சொல்லுடி. அவரு கார்லதான் சார்ஜ் போட்டோம்."

"ரொம்ப நன்றி சேர்," என்றது அழுது கரகரத்த குரல். "ஒரு மணி நேரத்துக்கு முன்னாலதான், காணாமப் போனவங்க லிஸ்டுல அம்மா பேரு இருக்குன்னு கூட வேல செய்யிற புள்ள சொன்னா. இவ்வளவு நேரமும் அம்மா இல்லன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன் சேர்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவள் மனம் நோகும். எனக்காகப் பொய் சொன்னவரும் தலைகுனிய நேரும். எல்லாம் நல்ல காரணங்கள்தான். முதல் பொய்க்கும் நல்ல காரணங்கள் இருந்தன.

"பரவாயில்லம்மா," என்றேன்.

எல்லோரும் பேசி முடிக்கும்வரை எஞ்சினை ஓட விட்டேன். டெப்லட்டை வெளியே எடுக்கவில்லை. விவரங்களைத் தாளில் எழுதினேன். அந்த அம்மாவின் முறை வந்தது. தேவைகள் என்னவென்று கேட்டேன்.

"எனக்கு இப்ப ஒண்ணும் வேணாம் சேர்," என்றார். "அதான் பேசிட்டேன்ல."