தொடைச்சந்து நரம்பு

ஐயம்பேட்டைக் கறிக்கடையில் பாய் தொடைக்கறியை வெட்டத் தொடங்கினார். "அந்த நரம்ப எடுத்துடுங்க பாய்" என்றேன். "நீ ஒருத்திதான்மா இப்படிக் கேக்கற" என்றார்.

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் மூட்டைகள் சரிந்து இடுப்பில் விழுந்ததில் நொண்ட ஆரம்பித்தார். முசரவாக்கம் சபையில் எல்லோரும் ஜெபித்தார்கள். கால் சரியாகவில்லை.

"உனுக்கு விசுவாசம் பத்தலய்யா" என்றாள் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே.

அப்பா கோபப்படவில்லை. "யூதருங்க வேதத்துல யாக்கோபு விடிய விடிய தேவனோட மல்லுக்கட்டுனாரு. ஆசீர்வாதம் வாங்கிக்கினுதான் உட்டாரு. ஆனா தொடச்சந்து சுளுக்கி, நொண்டிக்கினேதான் போனாரு. அவருக்கும் விசுவாசம் பத்தலயா?"

அந்த நினைவாக யூதர்கள் இன்றும் தொடைச்சந்து நரம்பைத் தின்பதில்லை என்று சொல்லி, தன் தட்டிலிருந்த நரம்பை ஓரமாக ஒதுக்கினார்.

"ருசியே அதுலதான்யா இருக்குது" என்று அம்மா அதை எடுத்து மென்றாள். ஆனால் அடுத்த வாரம் சமைக்கும் முன்பே நரம்பை உருவி நாய்க்குப் போட்டாள். அதன்பிறகு அப்பாவின் காலுக்காக ஜெபிக்கும்படி சபையில் அவள் கேட்கவே இல்லை.

பாய் நரம்பை உருவி எறிந்தார். "டாக்டர் துன்னக் கூடாதுன்னாராம்மா?"

"இல்ல பாய். எங்கப்பா நொண்டிக்கினு நடந்தவரு."