எழுந்தால் இருளும் திரை

எங்கள் கம்ப்யூட்டர் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். பாதிப் பேர் ராஜபாளையம், மீதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதைச் சுற்றிய ஊர்களும். கூடுவதெல்லாம் கைப்பேசியில்தான். காலையில் ஒருவர் தொழில்நுட்பச் செய்தி ஒன்றைப் போடுவார். மதியச் சாப்பாட்டுக்குள் அது சண்டையாகிவிடும். புது ப்ராசசர் உண்மையிலேயே வேகமா, செயற்கை நுண்ணறிவுக்காக உலகத்து மெமரியை எல்லாம் யாரோ வாங்கிக் குவிக்கிறார்களாமே, பழைய விண்டோஸை இன்னும் எத்தனை நாள் இழுக்கலாம் என்று ஓடும். கம்பெனிகளைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. சிவப்புக் கட்சி, நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று அவற்றின் நிறத்தைச் சொல்வோம். தேர்தல் சமயத்தில் சேர்ந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இது கட்சிக்காரர்கள் குழு போலிருக்கிறது என்று நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்து எழுந்தால், ஐந்து மணியிலிருந்து என் கம்ப்யூட்டர் எனக்கு. லாரி ஓட்டும் விளையாட்டுதான் விளையாடுவேன். நிஜத்தில் எனக்கு இருசக்கர வண்டியைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் திரையில் பதினெட்டுச் சக்கர லாரியைப் பனி மலைகளின் ஊடே பின்பக்கமாக எடுத்து நிறுத்துவேன். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

போன தை மாதம் அந்தக் கம்ப்யூட்டரை நானே புதிதாகச் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொரு பாகத்துக்கும் குழுவில் தனி விவாதம் நடந்தது. கட்டி முடித்து மூன்றாம் வாரம் கோளாறு தொடங்கியது. லாரி ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. திரை சட்டென்று கறுத்தது. இரண்டு மூன்று நொடிகள். பிறகு படம் தானாகத் திரும்பி வந்தது. அதற்குள் லாரி பள்ளத்தில் கிடந்தது. மறுநாளும் அதேபோல். அதற்கடுத்த நாளும். எல்லாம் மாலை ஆறு, ஆறேகால் மணி வாக்கில்.

குழுவில் கேட்டேன். முப்பது பேருக்கும் முப்பது கருத்து. அவற்றில் மூன்று பேருடையது பலமாக இருந்தது.

முதலாமவர் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அவருக்கு எல்லா நோய்க்கும் மூலம் பவர் சப்ளை. பெட்டியைத் திறக்காமலே, அதை மாற்று என்றார். இரண்டாமவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர், லினக்ஸ் பக்தர். விண்டோஸை வைத்துக்கொண்டு திரை கறுக்கிறது என்று புகார் சொல்வது, மழையில் நின்றுகொண்டு நனைகிறேன் என்று சொல்வது போல என்று எழுதினார். மூன்றாமவர் மகாராஜபுரத்துக்காரர்; ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். தோட்ட வேலை போக மீதி நேரத்தில் பழைய சர்க்யூட் போர்டுகளைப் பிரித்துப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் எழுத மாட்டார், குரல் பதிவுதான் போடுவார். "தம்பி, மொதல்ல எர்த்தப் பாருங்க. எர்த் சரியில்லாத வீட்டுல எம்புட்டு நல்ல மிஷினும் நிக்காது" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. ஆலையில் ஒரு நூல் ஏன் அறுகிறது என்று தேடுவதுதான் என் தொழில். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைக்காரர் தன் பவர் சப்ளையைக் கொடுத்து ஒரு வாரம் வைத்திருக்கச் சொன்னார். திரை கறுத்தது. விரிவுரையாளர் சொன்னபடி லினக்ஸைப் போட்டு அதிலேயே லாரி ஓட்டினேன். முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. அவர் குழுவில் வெற்றியை அறிவித்துவிட்டார். இரண்டாம் நாள் கறுத்தது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கம்பியைச் சோதித்தேன். அது நன்றாகவே இருந்தது. மானிட்டர் கேபிளைப் புதிதாக மாற்றினேன். ஆறு மணிக்கு ஊரில் மின் அழுத்தம் இறங்குகிறதோ என்று மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை.

அப்போதுதான் குழுவில் அதிகம் பேசாத ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சராக இருக்கும் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எதிரே வரும் தடைகளைத் தாவித் தாவி ஓடும் பழைய காலத்து விளையாட்டுகளில் குழுவில் யாரும் அவரை ஜெயித்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வீட்டை மாற்றினால் கோளாறும் கூடவே வருகிறதா என்று பார்த்துவிடலாம் என்பது அவர் யோசனை.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் மிக்ஸியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். ரத வீதிக்குப் பின்னால் இருந்த அக்கா வீட்டில், அவருடைய மானிட்டரில் மாட்டி, மதியம் முதல் ஏழு மணிவரை ஓட்டினோம். ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. அக்காவின் கணவர் என்னுடையதைப் போலவே இன்னொரு மர நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, லாரி எங்கே போகிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் கோளாறு என் வீட்டில்தான். குழு இன்னும் சூடாகிவிட்டது. மறு ஞாயிறு அண்ணாச்சியும் கடைக்காரரும் விரிவுரையாளரும் நேராகவே என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி மூத்தவர் என்பதால் என்னுடைய சுழல் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லாரி ஓட்டினேன். நான்கு மணியிலிருந்து ஏழரை வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பரேடில் நிற்பவர்போல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரை கறுக்கவே இல்லை. என் மனைவி காபியும் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போகும்போது விரிவுரையாளர், இது நம் நண்பரின் கற்பனையாகவும் இருக்கலாம் என்று மெதுவாகக் கடைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கறுத்தது.

அன்று எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பயம் வந்தது. கோளாறு ஆட்களைப் பார்த்து ஒளிந்துகொள்கிறதா என்ன. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். பல வருடங்களாகக் கோர்ட்டில் சாட்சி விசாரணையைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவர். கேள்விகளை வரிசையாகக் கேட்டார். திரை கறுக்கும்போது சத்தமும் நிற்கிறதா? நிற்பதில்லை, இஞ்சின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியானால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, படம் மட்டும்தான் போகிறது, இல்லையா? ஆமாம். இதை ஏன் குழுவில் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை. ஆறேகால் மணிக்கு வீட்டில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, மனைவி வேலை முடிந்து வருவாள். ஞாயிற்றுக்கிழமை வருவாரா? வர மாட்டாள், வீட்டிலேயே இருப்பாள்.

பிறகு, "தம்பி, அந்த நேரத்துல வீட்டுல ரெண்டு பேரு இருந்திருக்கீங்க. இன்னொரு ஆளக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. நான்கு வாரம் முப்பது பேரைக் கேட்டிருந்தேன், அவளைக் கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூட ஆசிரியை, இதிலெல்லாம் அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார் அக்கா. இரண்டு பேரும் முதலில் உடல்நலம் விசாரித்தார்கள். பிறகு என் மனைவி, சாமானை விளக்கிக்கொண்டே பதில் சொல்பவள்போல, சர்வ சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் வந்து கேட்டத் தட்டுவேன்க்கா. இவங்க எந்திரிப்பாங்க. எந்திரிச்சதும் அது கறுத்துரும். அது அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

நான் உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு நேர் பின்னால் ஜன்னல். கேட்டிலிருந்து பார்த்தால் என் முதுகும் திரையும் தெரியும். தினமும் அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் போனை வைப்பதற்குள்ளேயே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உட்கார்ந்து, அவள் தட்டியதும் எழுவதுபோல வேகமாக எழுந்தேன். திரை கறுத்தது. மனைவி சிரித்துவிட்டாள். பத்து முறை செய்தோம். ஆறு முறை கறுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து முறை, ஒருமுறைகூட இல்லை. பிறகு அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். பருத்திச் சேலையில் ஒருமுறை மட்டும் கறுத்தது. நைலக்ஸ் சேலையை மாற்றிக்கொண்டு வந்து எழுந்தபோது நான்கு முறை கறுத்தது. வேறு சேலையில் சோதிக்கலாம் என்பது அவள் யோசனைதான், என்னுடையதில்லை.

அந்தச் சேலை மாற்றத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எங்கள் ஆலையில் காற்று உலர்ந்துபோனால் பஞ்சு உருளைகளில் ஒட்டிக்கொள்ளும், நூல் மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். உரசலில் பிறக்கும் மின்சாரம். அதைத் தடுக்கத்தான் நாள் முழுக்கக் காற்றில் ஈரம் தெளிக்கிறோம். இருபது வருடமாக அந்த ஈரத்தின் அளவைக் குறித்து வைப்பவன் நான். மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கும் மாதத்தில், பாலியெஸ்டர் கைலியோடு, நுரைப்பஞ்சு மெத்தை போட்ட நாற்காலியில் உரசி எழும்போது அதே மின்சாரம் பிறக்கிறது. நாற்காலியின் இரும்புத் தண்டில் அது நொடியில் பொறியாக வெடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அதிர்வை மானிட்டர் கேபிள் ஆன்டெனாபோல வாங்கிக்கொள்கிறது. படம் ஒரு கணம் வழி தவறி, திரும்பி வருகிறது. மற்ற நேரங்களில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து திரும்பிவிடுவேன். அப்போதும் கறுத்திருக்கும், நான் பார்க்கவில்லை. அவள் கேட்டைத் தட்டும்போது மட்டும் லாரி ஓடிக்கொண்டிருக்கும், கண் திரையிலேயே இருக்கும்.

வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். முதலில் வந்தது கடைக்காரரின் பதில். நான்தான் மேசைக்கு அடியில் காலால் சுவிட்சை அமுக்கி ஏமாற்றுகிறேன் என்றார். விரிவுரையாளர் இணையத்தில் தேடி, வெளிநாடுகளிலும் பலர் இதையே எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டார். அதோடு, கற்பனை என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார்.

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. பாலைவனத்தில் பணியில் இருந்தபோது, கூடாரத்துக்குள் யாராவது கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினால் ரேடியோவில் கரகரவென்று சத்தம் வருமாம். பக்கத்தில் நின்று ஸ்வெட்டர் கழற்றக் கூடாது என்று சிப்பாய்களை அவரே விரட்டியிருக்கிறாராம். "அம்புட்டும் தெரிஞ்ச நான், மூணு மணி நேரம் அந்தச் சேர் மேலேயே உக்காந்திருந்திருக்கேன் தம்பி" என்றார். நானும் ஆலையில் ஈரம் அளக்கும் என் வேலையைச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

மானிட்டர் கேபிளை எடுத்துவிட்டு, இந்த மாதிரி அதிர்வைத் தடுக்கும் ஃபெரைட் உருளை கோத்த வேறொன்றை வாங்கி மாட்டினேன். கறுப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் எனக்கு அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது. எல்லாச் சுழல் நாற்காலியும் இப்படிச் செய்யுமா? செய்யாதென்றால், ஏன் செய்யாது?

ஒரு சனிக்கிழமை, தென்காசி ரோட்டில் இருக்கும் நாற்காலிக் கடைக்கு அண்ணாச்சியும் அக்காவும் நானும் என் மனைவியும் போனோம். மானிட்டரையும் பழைய கேபிளையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போனோம். நாற்காலிக் கடைக்காரர் முதலில் வருமான வரி ஆட்களோ என்று பார்த்தார். அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் நம்பவில்லை, ஆனாலும் பிளக் பாயின்ட் கொடுத்தார். ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்தோம். என் மனைவி நைலக்ஸ் சேலையில் வந்திருந்தாள். அக்கா ஒரு நோட்டில், தேதி, நாற்காலி, உட்கார்ந்தவர், உடை, முடிவு என்று கோர்ட் ஆவணம்போல எழுதினார். மூன்றாவது நாற்காலியில் திரை கறுத்தபோது கடைக்காரர் தன் கடை வேலையாட்களையும் கூப்பிட்டார். பிறகு அவரே உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

ஒன்பது நாற்காலிகளில் ஐந்து கறுக்கவைத்தன. மூன்று கறுக்கவைக்கவில்லை. மீதி ஒன்று மட்டும் விசித்திரமானது: எழுந்தால் ஒன்றும் ஆகாது, உட்கார்ந்தால்தான் கறுக்கும். விரிவுரையாளரிடம் கேட்டோம், தெரியவில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குழுவில் இப்போது அந்த நாற்காலியைப் பற்றி மூன்று கருத்துகள் ஓடுகின்றன. அண்ணாச்சி அதை விலைக்கு வாங்கி, மகாராஜபுரத்துக்குக் கொண்டுபோய், தண்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.