கஸ்தூரி அக்காவின் ஐந்து சைபர்கள்

கஸ்தூரி அக்கா இறந்துவிட்டார் என்று காமாட்சி மாமி போனில் சொன்னபோது, நான் ஒரு காரின் சக்கரத்துக்கு நட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். நாலில் இரண்டுதான் முடிந்திருந்தது.

“தூக்கத்துலயே போயிட்டாடா. காலம்பற வேனைக் காணலையேன்னு நாங்க எல்லாரும் வாசல்லயே நின்னுண்டிருந்தோம்” என்றார் மாமி.

போனை வைத்துவிட்டு மீதி இரண்டையும் இறுக்கினேன். பாதி இறுக்கிய சக்கரத்தை விட்டுப் போகக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

அஞ்சலிக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கப் போகும் தாளில் எழுதச் சொன்னவரும் மாமிதான். நான் இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டுக் கிண்டியில் ஒரு வீல் கடையில் வேலை பார்ப்பவன். எழுத்தெல்லாம் வராது என்றேன். “அழகா எழுத வேண்டாம். நடந்ததை எழுது” என்றார். எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு: மயிலாப்பூர் பஜனைக் குழுவில் காமாட்சி மாமி உள்பட ஏழு மாமிகளைக் கோயிலுக்கும் கச்சேரிக்கும் கூட்டிப் போன பழைய வெள்ளை வேன் அவருடையது. அதை முதலில் ஓட்டியவர் அவருடைய கணவர். அவர் போன பிறகு அக்கா ஓட்டினார். அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை அரசாங்கத்தில் எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து தினமும் மயிலாப்பூர் வந்து போவதே பெரிய பயணமாகிவிட்டது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. “வூடு தள்ளிப் போச்சு, மீட்டரு கிட்ட வந்துச்சு” என்று சிரிப்பார்.

மீட்டர் என்றால் வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர். பழைய மாதிரி, ஐந்தே இலக்கம். தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் முடிந்தால் எல்லாம் புரண்டு ஐந்து சைபராகிவிடும். அந்த ஐந்து சைபரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. காமாட்சி மாமி அதற்கு லட்சார்ச்சனை என்று பேர் வைத்திருந்தார்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவர் எங்கள் கடைக்கு வந்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற காரின் பளபளக்கும், கம்பி கம்பியாக வார்த்த அலாய் வீலைப் பார்த்திருக்கிறார். அது அவரை விடவில்லை.

“கொலுசு போட்ட மாரி கீது நைனா. ஓடச்சொல்ல நிக்கிற மாரி தெரியுது, நின்னா ஓடுற மாரி தெரியுது. என் வண்டிக்கும் போடு.”

“அக்கா, வண்டிக்கு உங்க பொண்ணு வயசு. பன்னெண்டு இஞ்ச் சக்கரம்.”

“வயசானா கொலுசு போடக் கூடாதா? இன்னாடா சட்டம் அது?”

வேறொரு காரிலிருந்து கழற்றிய பதினாலு இஞ்ச் செட் ஒன்று கடையில் கிடந்தது. நாலு ஓட்டையும் பொருந்தியது. சக்கரம் பெரிதானால் மெல்லிய டயராகப் போட வேண்டும். அப்போதுதான் மொத்த உயரம் மாறாது. நான் உயரமான டயரையே போட்டேன். மழைத் தண்ணீரில் வண்டி கொஞ்சம் தூக்கலாக நிற்கட்டும் என்று அக்கா கேட்டார், நானும் சரி என்றேன். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை. எனக்கு ஒரே பெருமை.

புதுச் சக்கரம் என்றால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். நான் நாலு பழத்தோடு வந்தபோது அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“இப்ப வாணாம். சைபர் வர்ற அன்னிக்கு வெப்போம். இத்தினி நாளு அவரு ஓட்டுனாரு, நான் மத்தவங்களுக்கு ஓட்டுனேன். சைபருக்கு அப்பால எனக்கு. அன்னிக்கு சவாரி கெடையாது. நான் மட்டும் போவேன்.”

“எங்கக்கா?”

“ரோடு எங்க போவுதோ அங்க.”

பழங்களை ஸ்டியரிங்குக்கு முன்னால் வரிசையாக வைத்தார். வாடினால் வெள்ளிக்கிழமை மாற்றுவார். அந்த வேனில் ஏறினால் எப்போதும் எலுமிச்சை வாசனை வரும்.

மறுநாளே என் பெருமை போய்விட்டது. அடையாறு பாலத்தைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்சக்கரம் கர்ரென்று உரசியதாம். நான் பைக்கில் ஓடினேன். ஏழு மாமிகளும் நடைபாதையில் பட்டுப்புடவையோடு நின்றார்கள். வண்டியைக் காலியாகச் சோதித்ததுதான் தப்பு.

“வெயிட்டு ஏறினா வண்டி உக்காருது மாமி. அதான் டயர் இடிக்குது” என்றேன்.

“எங்களைக் குண்டுங்கறியாடா?” என்றார் காமாட்சி மாமி.

“அவன் இன்னாத்த சொல்லுவான் மாமி? வண்டியே சொல்லுதே!” என்று அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

பின்னால் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்து, மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கினேன். இந்த முறை மாமிகள் ஏழு பேரையும் ஏற்றித்தான் சோதித்தேன். கடைத் தெருவில் மூன்று சுற்று. உள்ளே பஜனை நடந்துகொண்டிருந்தது.

இனிமேல் எழுதப்போவது மாமிகளுக்கும் தெரியாது. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும்; மீட்டருக்கு அது தெரியாது. வண்டி நூறு போனால் அது தொண்ணூற்று நாலுதான் காட்டும். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. முதலில் மறந்துபோனேன். பிறகு பயந்தேன், சொன்னால் கொலுசைக் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று.

ஆனி மாதம் அவரே கேட்டார். “இன்னா நைனா, மீட்டரு மெதுவா போவுது? என் கணக்குக்கு ஆடி மொத வெள்ளிக்குள்ள சைபரு வரணுமே.”

“வண்டிக்கு வயசாச்சுக்கா. அதுவும் தூங்கித் தூங்கித்தான் எழுந்திரிக்கும்.”

“தூங்கட்டும், தூங்கட்டும். எனக்கின்னா அவசரம்” என்றார்.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று மாமிகளைத் திருவான்மியூர் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் அவருடைய மகள் தேவி என்னை வேனுக்குள் கூட்டிப் போய் மீட்டரைக் காட்டினாள். 99493. “இன்னும் கொஞ்சம்தான்ணா பாக்கி. பாக்காமலே பூட்டாங்க” என்று அழுதாள். நாலு பழமும் புதுசாக இருந்தன. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடையின் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். சக்கரம் மாட்டியபோது மீட்டரில் 91000. அதற்குப் பிறகு அது காட்டியது 8493. உண்மையில் ஓடியது 9035. கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன்.

லட்சத்துக்கு மேல் முப்பத்தைந்து.

அப்படியானால் அந்தக் கடைசி நாளில், வீடு சேர்வதற்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு முன்னால் வண்டி லட்சத்தைத் தொட்டிருக்கிறது. மாமிக்குப் போன் செய்து அன்று போன வழியெல்லாம் கேட்டேன்.

“கோயில்லேர்ந்து பாலவாக்கம் பீச்சுக்குப் போனோம். நாங்க கால் நனைக்கப் போயிட்டோம். அவ வரலை. வேன் கதவைத் திறந்து வெச்சுண்டு, செருப்பைக் கழட்டிட்டு, காலைத் தொங்கப் போட்டுண்டு கடலையே பார்த்துண்டிருந்தா. என்னடி பார்க்கறேன்னேன். ‘சும்மா மாமி, யாருக்கும் இல்லாம ஒக்காந்துக்கினு கீறேன்’னா.”

பாலவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வந்து, அங்கிருந்து பெரும்பாக்கம். முப்பத்தைந்துக்குச் சரியாக வருகிறது. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். டயர் தேய்ந்த கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கடல் பக்கத்தில் எங்கேயோதான் அது புரண்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நானும் தேவியும் வேனைப் பாலவாக்கத்துக்குக் கொண்டுபோனோம். அக்கா கடைசியாக வைத்த பழங்கள் வற்றிச் சுருங்கியிருந்தன. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். தேவி வண்டியை எடுத்தாள். மெல்லிய சத்தம், கொஞ்சம் வாசனை, பிறகு கடல் காற்று.

நான் பைக்கில் பின்னால் போனேன். ஒரு வேகத்தில் என் கண்ணுக்குச் சக்கரத்தின் கம்பிகள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றன. வண்டி மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அக்கா, மீட்டர் தப்பாகக் காட்டியதற்கு நான்தான் காரணம், மன்னிச்சிருங்க. நீங்க சைபரைத் தாண்டிட்டீங்க. கடைசி முப்பத்தைந்தும் உங்களுடையது. ரோடு எங்கே போகிறதோ, அங்கே போய்ட்டு இருங்க.