மெட்ரோ விளம்பரத்தில் என் ஓரகத்தி

ஜோர்பாக் மெட்ரோவில் படியிறங்கினால் என் ஓரகத்தி சிரிக்கிறாள். ஆளுயர விளம்பரம். கையில் மார்க்கர், உடம்பில் நான் வாங்கிக் கொடுத்த நீலச் சேலை. போனில் கணக்கு சொல்லித்தரும் ஆப் ஒன்றுக்கு அவள்தான் முகம். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் இப்போதெல்லாம் பஸ்ஸில் போகிறேன். "பொறாமையா?" என்று கேட்டார் என் கணவர். பொறாமை என்பது மரியாதையான சொல். எனக்கு இருப்பது வயிற்றெரிச்சல்.

எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள் நான். என் கொழுந்தனார் மனைவியான அவள் படித்தது தாவரவியல். பின்னம் நடத்த வேண்டுமென்றால் முதல் நாளே எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வாள். ஆனால் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் ஹிந்தியைக் கேட்டால் காய்கறிக்காரர் விலையைக் குறைப்பார். என் ஹிந்தியைக் கேட்டால் ஏற்றுவார்.

ஓக்லாவில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில் சில இளைஞர்கள் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பீகார், உ.பி. பக்கத்துச் சின்ன ஊர்களில் நல்ல டியூஷன் கிடையாது, ஆனால் வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்ட புதையல். பேசத் தெரிந்த டீச்சர் வேண்டுமென்று இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் இலுப்பைப்பூ நொய்டாவில் கண்ணாடி ஆபீசுக்குக் குடிபோனது.

இங்கே லோதி ரோடு குவார்ட்டர்ஸில், நான் டியூஷன் எடுக்கும் என் வீட்டுக் கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. யாரும் முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தவில்லை. "எக்ஸாம் முடியட்டும் மேடம், அனுப்பறோம்" என்பார்கள். அந்த எக்ஸாம் முடிந்ததே இல்லை. பணம்கூட எனக்கு இரண்டாம்பட்சம். கணக்கு டீச்சர் என்ற பெயர் போய்விட்டால், இந்தக் குவார்ட்டர்ஸில் நான் ஒரு செக்‌ஷன் ஆபீசரின் மனைவி, அவ்வளவுதான்.

அவளே ஒருநாள் சொன்னாள். "அக்கா, நீங்களும் ஒரு டெமோ குடுங்களேன். நான் பேசிட்டேன். டென்ஷன் மத் லோ, கவலையே படாதீங்க."

அவள் தயவில் போவதா என்று இருந்தது. இருந்தும் இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் ஸ்டூடியோவில் முதுகுக்குப் பின்னால் பச்சைத் துணி, எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்பது பாடம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. விடையை நான் சொல்லவே மாட்டேன். "ஏன்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை காத்திருப்பேன். வீட்டில் அந்த நேரத்தில் பீன்ஸ் நறுக்குவேன். சில பிள்ளைகளுக்குக் கால் கிலோகூட ஆகும். கேமராவிடமும் "க்யோன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கேமரா எப்படிப் பதில் சொல்லும்? அது புத்திக்குத் தெரிகிறது, வாய்தான் மேலே போக மறுக்கிறது. வசனம் ஓடும் திரை நின்றுவிட்டதோ என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆகே போலியே, மேடம்" என்று மேலே பேசச் சொன்னார் இன்னொருவர். என் ஓரகத்தி ஓரமாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தெரிவிக்கிறோம் என்றார்கள். தெரிவிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள். "அக்கா, கேள்வி கேட்டுட்டு சும்மா நின்னீங்கல்ல, அது நல்லா இருந்துச்சு. நான் எடுத்துக்கவா?"

கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தேன். "தாராளமா எடுத்துக்கோ" என்று சொல்லி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் மாடி வீட்டுத் தமிழம்மா வந்தார். கடைசியாக என்னிடம் மிஞ்சியிருந்தது அவருடைய மகன்தான். ஏழாம் வகுப்பு. என்ன கேட்டாலும் வாய் திறக்காமல், என் வீட்டு பீன்ஸையெல்லாம் நறுக்க வைத்தவன்.

"அவனை நிறுத்திடலாம்னு இருக்கோம் மேடம்" என்றார். "ஆப்ல ஒரு டீச்சர் வராங்க. ஆன்சரை டக்குனு சொல்றதே இல்ல. க்யோன்னு கேட்டுட்டு, கன்னத்துல கை வச்சிட்டு அப்படியே வெயிட் பண்றாங்க. இவன் போனைப் பாத்து சத்தம் போட்டு பதில் சொல்றான்! எங்களால நம்பவே முடியல."

நானும்தான் நம்பவில்லை. என் முன்னால் முணுமுணுக்கக்கூட மாட்டான். அவளுக்காகக் கத்துகிறானாம். கேட்டது நான், காத்திருந்தது நான், பதில் மட்டும் அவளுக்கா?

அந்த அம்மா நல்லவர். செருப்பை மாட்டிக்கொண்டவர், என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்களும் டக்குனு சொல்லிடாம, கொஞ்சம் வெயிட் பண்ணிப் பாருங்களேன். பசங்க நல்லா பதில் சொல்றாங்க."

அவள் என் ஓரகத்தி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "பாக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.