கல்லில் சுற்றிய பெல்ட்

அந்த ஆரஞ்சுப் பலகைகளைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மண்ணில் புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகுவதற்காகப் பல் பல்லாக வார்த்த பிளாஸ்டிக் பலகைகள். பெங்களூரில் என் ஆபீஸ் நண்பன் அவற்றை வருடம் முழுக்க ஜீப் கூரையில் கட்டிவைத்திருப்பான். ஆபீஸ் பார்க்கிங்கில் எந்தச் சேறு வந்து அவனை விழுங்கப்போகிறதோ தெரியவில்லை.

ஆனால் அவனை கே.ஜி.எஃப்புக்கு, எங்கள் கோலார் தங்கவயலுக்கு, கூட்டிப்போனது நான்தான். எங்கள் ஊரில் சயனைடு மேடு இருக்கிறது, வந்து ஓட்டிப் பார் என்று பீற்றிக்கொண்டது நான்தான். சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சக் கல்மாவை வருடக்கணக்காகக் கொட்டிக் குவித்த மேடு அது. காற்றடித்தால் அந்த மாவு சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீடுகளில் சோற்றுத் தட்டில் விழும். அதில் சறுக்கி விளையாடி வளர்ந்தவன் என்ற திமிரில், மழை விட்டு இரண்டு நாள் ஆயிற்று, மேலே காய்ந்துவிட்டது, போகலாம் என்று கை காட்டினேன். அடிவாரத்திலேயே பொருக்கு உடைந்து ஜீப் அச்சுவரை இறங்கியது.

பலகைகளைச் செருகினோம். மெதுவாக மிதி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவன் மிதி மிதியென்று மிதித்தான். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று பலகையின் பற்களையெல்லாம் மழித்துவிட்டது. மிச்சம் இருந்தது வின்ச். முன்பம்பரில் உள்ள மோட்டார் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் கயிற்றின் மறுமுனையைக் கட்ட அசையாத பொருள் ஒன்று வேண்டும். அந்த மேட்டில் மரத்துக்கு எங்கே போவது? எதிரே இருந்தது பௌத்தம் தழுவிய எங்கள் ஜனத்தின் இடுகாடு.

குழி தோண்டி ஸ்டெப்னியைப் புதைத்து அதில் கட்டலாம் என்றேன். ஒரு மணி நேர வேலை. அவன் மண்வெட்டியைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், பிறகு முதல் வரிசையில் இருந்த ஒரு கல்லைக் காட்டினான். தர்மச்சக்கரம் செதுக்கிய, இடுப்புயரக் கருங்கல். பழைய கல்தானே, ஒன்றும் ஆகாது என்றான் கன்னடத்தில்.

அவனுக்கு அது கல். எனக்கு? அந்த வரிசையில் கிடப்பவர்கள் என் அப்பாவோடு கேஜ் என்ற ஒரே இரும்புக்கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் எந்தச் சாதி என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். மானங்கெட்ட வெட்கம். மரத்தில் சுற்றும் அகலமான பெல்ட்டை எடுத்து அந்தக் கல்லில் சுற்றியது நான். கொக்கியை மாட்டியதும் நான்.

வின்ச் முனகியது. ஜீப் ஏறியது. கல் முன்பக்கமாகச் சாய்ந்து, அடிமண் வாயைப் பிளந்தது. நண்பன் கை தட்டினான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். என் கன்னத்தில் இரண்டு.

அப்போது பாதையோடு வயர்கூடையுடன் போன ஒரு அம்மா நின்றார். பெல்ட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். நண்பனை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாபா இது? அது எங்க வூட்டுக்காரர் கல்லு. நீ எந்த லைன்பா? மொகத்தப் பாத்தா நம்ம புள்ள மாதிரி கீற."

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் முதலில் கேட்பது அதுதான். என் லைனைச் சொன்னால் அப்பா பெயர் வரும். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"நங்கெ தமிழ் பரல்லம்மா."

எனக்குத் தமிழ் வராது என்று, எங்கள் ஊர் மண்ணில் நின்றுகொண்டு, எங்கள் ஊர் அம்மாவிடம் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என்னைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் சுத்தமான கன்னடத்தில், சார், அது என் வீட்டுக்காரருடையது, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

நண்பன் ஜீப்பில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். நான் முட்டி போட்டு மண்ணை அள்ளி அடைத்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கல் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது நிமிர்ந்து நின்றதும் கையைத் தட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார்.