நடுவழியில் எடுத்த இரத்தம்

டுப், டுப், டுப்... இருட்டியதும் காதுக்குள் ஒரு சத்தம். ஊராரின் இரத்தம் எடுப்பதுதான் என் தொழில்; ஆனாலும் அது என் இரத்தத்தின் சத்தம் என்று அப்போது தெரியவில்லை. நெஞ்சு படபடத்துத் திரிகிற என் போன்ற தாய்மாரே, பிள்ளை தூங்குகிறான், கேளுங்கள்.

வாவியில் மோட்டார்

சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வருசமாகவில்லை. நாவற்குடாவில் வாடகை வீடு, மடியில் மூன்று மாதக் குழந்தை. கை நடுங்கும். தவறவிட்டுவிடுவேனோ என்று தரையில் இருந்தே பால் கொடுப்பேன். "வாவியில போட் வருது, எழும்புங்க" என்று ஒரு நாள் கணவரை உலுப்பினேன். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"திரும்பச் சண்டை வருதெண்டு ஊரடங்கு போட்டிருக்கு, இதுக்குள்ள ஆர் புள்ள போட் ஓட்டுற? உன்ர நெஞ்சுதான் ஓடுது."

நோமல்

சில கிழமைகளில் படபடப்பு அடங்கியது. அப்போதுதான் என் இரத்தத்தையும் எங்கள் லாப்பிலேயே கொடுத்தேன். கழுத்துச் சுரப்பியான தைரொயிட்டுக்கு அங்கே டி.எஸ்.எச். என்ற ஒரு டெஸ்ட்தான் பார்ப்போம். நோமல். கூட வேலை செய்யும் அக்கா சிரித்தா.

"தைரொயிட் இல்லகா, உனக்குக் கடல் பயம் புடிச்சிருக்கு."

காத்தான்குடி ராத்தா

பிறகு உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. மத்தியான வெயிலிலும் குளிர். பிள்ளை அழுவது கேட்கும், எழும்ப ஏலாது. பைத்தியம் என்று அவனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அந்த நாட்களில்தான் காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா ஒருவர், தன் ரிப்போட்டை எடுக்க வந்தா. "எல்லாம் நோமல், பயப்படாதீங்க" என்று கொன்வென்ட்டில் பழகிய புன்னகையோடு நீட்டினேன். அவ பார்த்தது ரிப்போட்டை அல்ல, வீங்கியிருந்த என் முகத்தை.

"ரிப்போட்டுக்கு ஒண்டுமில்லதான், உடம்பு வருத்தம் எனக்கெல்லுவா? ஒனக்கும் என்னமோ இரிக்கி புள்ள."

கழுத்தைத் தடவிய டொக்டர்

ராத்தாவின் சொல்லுக்குத்தான் டொக்டரிடம் போனேன். அவர் என் கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். மறுபடி டி.எஸ்.எச்., கூடவே சுரப்பி சுரப்பதையே அளக்கும் ஃப்ரீ டி-ஃபோர். இம்முறை சுரப்பி சோர்ந்துகிடப்பது தெரிந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு அது முதலில் மிஞ்சி ஓடி, பிறகு படுத்துவிடுமாம். இரண்டுக்கும் நடுவழியில் எடுத்த இரத்தம் நோமல் என்றே காட்டக்கூடுமாம். அதனால்தான் வருத்தம் மாறாவிட்டால் திரும்பப் பார்க்க வேண்டுமாம். "அப்ப என்ர கடல் பயம் பொய்யா டொக்டர்?" என்றேன்.

"அதுவும் உண்மைதான் பிள்ளை. கடலுக்கு என்னட்ட மருந்தில்லை, இதுக்கு இருக்கு."

குளிசை விழுங்கத் தொடங்கிச் சில கிழமையாகிறது. சுகம் வந்ததா, கடல் பயம் போய்ச் சண்டைப் பயம் வந்ததா என்று சொல்ல எந்த லாப்பிலும் டெஸ்ட் இல்லை என்றாலும், தண்ணீர் வந்தால் பிள்ளையோடு ஓடவென்று இத்தனை நாளும் சும்மா சாத்தியே வைத்திருந்த கதவுக்கு இன்றிரவு நானே எழும்பிப்போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.