கரை சேர்ந்த வாப்பா

நான் வேலை செய்யும் கல்முனைப் பக்கத்து நூலகத்துக்கு உயர்தரம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வருவாள். கறுப்பு அபாயா, தடித்த கண்ணாடி. கணினியில் வரும் ஆங்கிலச் சித்திரக்கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வாள். கடலில் காணாமல்போன தகப்பனை, தன் வாப்பாவை, தேடும் சிறுமியின் கதை அது. சில படங்களை மட்டும் உள்ளங்கையால் மறைத்துவிடுவாள்.

ஒருநாள் பின்னால் நின்ற பத்தாம் வகுப்புப் பெடியன் சிரித்தான். "அந்த வாப்பா எப்பவோ மவுத்தாகிட்டார். இவ உயிரோட கரைக்கு வந்துட்டார் எண்டு சொல்றா."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நடந்தாள்.

வாசலில் கேட்டேன். "ஏன் மகள் மாத்திச் சொன்னீங்க?"

"முன்னால இருக்கிற சின்னவளுக்கு வாப்பா இல்ல, சேர்."

பிறகு அவள் வரவேயில்லை. போன கிழமை அந்தச் சின்னவள் என் மேசைக்கு வந்தாள். "கண்ணாடி போட்ட ராத்தா சொல்ற மாதிரி அந்தக் கதையச் சொல்லுங்க" என்றாள். அந்த வாப்பாவை எப்படிக் கரைசேர்த்தாள் என்று நான் பெரியவளிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.